தண்ணீர்த் தொட்டி பார்க்கும் வேலை

தும்மல்தான் இதை எழுத வைத்தது. போன வாரம் கோயமுத்தூர் உக்கடத்தில் ஒரு மெத்தைக் கடைக்குப் போயிருந்தேன். என் மெத்தை பத்து வருடத்தில் கட்டிதட்டி, நடுவில் குழிவிழுந்து, படுத்தால் தொட்டிலில் கிடக்கிற மாதிரி ஆகிவிட்டது. கடைக்கார பாய் தையலைப் பிரித்துப் பழைய பஞ்சை மெஷினுக்குள் திணித்தார். அடுத்த நிமிடம் கடை முழுக்க வெள்ளையாகப் பறந்தது. நான் தும்ம ஆரம்பித்தேன். எட்டுக்கு மேல் எண்ணவில்லை.

“ஏனுங்கம்மா, பஞ்சு ஒத்துக்காதுங்களா? சித்த அக்கட்டால காத்தோட்டமா நில்லுங்க” என்றார் பாய்.

“ஒரு காலத்துல பஞ்சுலயேதானுங்க பாய் குளிச்சேன்” என்றேன்.

வேடிக்கைப் பேச்சு என்று நினைத்து அவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். குளக்கரைப் பக்கம் போய் நின்று மிச்சத் தும்மல்களை முடித்துக்கொண்டேன். அங்கே குளத்தின் பாசி வாசனை அடித்திருக்க வேண்டும். பக்கத்தில் யாரோ மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் என் மூக்குக்குள் இருந்ததெல்லாம் மெஷின் எண்ணெயும் ஈரப் பஞ்சும் கலந்த வாடைதான். இருபது வருடத்துக்கு முந்திய வாடை. உடம்பில் மற்ற உறுப்புகள் எல்லாம் நாம் சொன்னால் மறந்துவிடுகின்றன. இந்த மூக்கு மட்டும் பழைய கணக்கு வாத்தியார் மாதிரி, எதையும் விடுவதில்லை.

பஞ்சில் குளித்தது நிஜம்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு பெரியநாயக்கன்பாளையம் பக்கத்தில் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போனேன். மில்லின் பெயர் வேண்டாம். எங்கள் ஊர் சத்தியமங்கலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வாய்க்கால் ஓரம். அப்பா செங்கல் சூளை வேலையில் முதுகு ஒடிந்து படுத்த வருடம் அது. மூன்று வருடம் மில் ஹாஸ்டலிலேயே தங்கி வேலை செய்வது என்று எழுதியிருந்த தாளில் அப்பா கையெழுத்துப் போட்டார். நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கோயமுத்தூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று வாய்க்காலில் துவைத்துக்கொண்டிருந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். கோயமுத்தூரை நான் மூன்று வருடத்தில் பார்த்தது மொத்தம் நான்கு தடவை, வேன் ஜன்னல் வழியாக.

மில்லையும் ஹாஸ்டலையும் சுற்றி ஒரே மதில். மேலே கண்ணாடிச் சில்லு பதித்திருந்தார்கள். ஹாஸ்டலுக்கும் மில்லுக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு நடைபாதை. அதன் இரண்டு பக்கமும் ஷீட் அடித்திருந்தது. அறையிலிருந்து மில்லுக்கும் மில்லிலிருந்து அறைக்கும் போய்வர வானத்தின் அடியில் ஒரு எட்டுகூட வைக்க வேண்டியதில்லை. உள்ளே ஜன்னல் கிடையாது. நூல் அறுந்துபோகாமல் இருக்க எப்போதும் ஈரக்காற்று அடித்துக்கொண்டிருக்கும். டியூப் லைட் வெளிச்சம். காது அடைக்கிற சத்தம். அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே மெஷின் ஓரமாக நடக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒரு ஷிப்டுக்கு எத்தனை மைல் நடந்தேன் என்று தெரியாது. நடந்து நடந்து எங்கும் போய்ச் சேரவில்லை என்று மட்டும் தெரியும். வெளியே மழை பெய்ததா என்பதை, பஞ்சு லாரி டிரைவரின் தலை நனைந்திருப்பதைப் பார்த்தவர்கள் வந்து சொன்னால்தான் தெரிந்துகொள்வோம்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, சாப்பாட்டைவிட, தூக்கத்தைவிட என்னை வாட்டியது ஞாயிற்றுக்கிழமைதான். நாங்கள் பரம்பரையாகக் கத்தோலிக்கர்கள். ஞாயிறு பூசையை வேண்டுமென்றே விட்டால் சாவான பாவம் என்று ஞானோபதேச வகுப்பில் படித்தவள் நான். ஹாஸ்டலில் மாதம் ஒருமுறை எல்லோரையும் வேனில் ஏற்றி மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். மாதா கோயில் அந்தப் பட்டியலில் இல்லை. நானும் வேனில் போவேன். உள்ளே போகாமல் செருப்புகளுக்குக் காவலாக நிற்பேன். கோயில் பொங்கல் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் மாதாவுக்கு ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லிவிட்டு, இரண்டு இலை வாங்கிச் சாப்பிடுவேன். ஆண்டவர் நெய் விஷயத்தில் மன்னிப்பார் என்று ஒரு நம்பிக்கை.

என்னை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ‘வேதக்காரி’ என்பார்கள். கேலி இல்லை, அடையாளம். விட்டுப்போன ஞாயிறுகளை நான் டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் கோடு போட்டு எண்ணி வந்தேன். ஆறு மாதத்தில் இருபத்தாறு சாவான பாவம். கொலைகாரன்கூட அத்தனை வைத்திருக்கமாட்டான்.

வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, அப்போது பயமாகத்தான் இருந்தது. என் கணக்கில் கடவுள் கோயிலுக்குள்ளே, பீடத்துக்குப் பின்னால் நற்கருணைப் பேழையில், சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் இருந்தார். கோயிலுக்கு வெளியே இருந்தது வெயிலும் புளியமரமும் தூசியும். அவற்றைத் தாண்டிக் கோயிலுக்குப் போக வேண்டும். போக முடியாவிட்டால் கடவுளும் இல்லை. வாய்க்கால், வயல், பவானி ஆறு இதெல்லாம் வழியில் கிடந்தவை. அவற்றை நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

என் பாய்க்குப் பக்கத்துப் பாயில் படுத்தவள் பூங்கொடி. அன்னூர்ப் பக்கம் தோட்டக்கார வீட்டுப் பெண். போர்வெல்லில் தண்ணீர் வற்றி, போட்ட கரும்பு காய்ந்ததும் அனுப்பிவிட்டார்கள். என்னைவிட ஒரு வயது சின்னவள். ஆனால் பேச்சில் நாற்பது வயது. காலையில் எழுந்ததும் மூக்கை உறிஞ்சி, “இன்னிக்கு மேகாத்து அடிக்குது, மழ வரும்” என்பாள். ஜன்னலே இல்லாத அறைக்குள் மேல்காற்று எங்கிருந்து வரும் என்று நாங்கள் சிரிப்போம். மதியம் லாரி டிரைவர் நனைந்து வருவார். அவளுக்குக் காற்றே உயிர். அவளுக்குத்தான் அந்தப் பஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை.

எட்டாவது மாதத்தில் இளைப்பு ஆரம்பித்தது. முதலில் இருமல், பிறகு மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். ஹாஸ்டலைப் பார்த்துக்கொண்டவரை நாங்கள் மேடம் என்போம். மேடம் மாத்திரை கொடுத்தார். அவள் அப்பா ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது, பக்கத்தில் நின்றுகொண்டு, “ஊட்டு நெனப்புங்க, வேறொண்ணுமில்லீங்க. நல்லாத்தான் இருக்கறா” என்று மேடமே வாங்கிச் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்துவிட்டார். பூங்கொடி கையை நீட்டியபடி நின்றாள். அவள் முகத்தை இப்போதும் என்னால் வரைய முடியும், எனக்கு வரையத் தெரியாது என்றாலும்.

அன்று மாலை கூரைக்கடியில் துணி காயப்போடும் இடத்தில் என்னிடம் சொன்னாள். “செவ்வாக்கெழம காலைல பஞ்சு லோடு வரும். லாரி உள்ளார வரப்ப கேட்டு தொறந்திருக்கும். அந்தண்டப் பக்கமாப் போயிட்டன்னா ரோடு. நான் போயிர்றேன். நீ யாருகிட்டயும் சொல்லிப்போடாத.”

“மாட்டிக்கிட்டா?”

“மாட்டிக்கிட்டாச் சாவறதுதான். இங்கயே கெடந்தாலும் அதேதான?”

இனி நான் சொல்லப்போவதைச் சொல்லாமலே இந்தக் கட்டுரையை முடித்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். முடியாது போலிருக்கிறது.

திங்கட்கிழமை மேடம் என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். பூங்கொடி லாரி நேரம் விசாரித்தது எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. என்னை மிரட்டவில்லை. ஸ்டூலில் உட்காரவைத்து டீ கொடுத்தார். “வேதக்காரப் புள்ளைங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னு சொல்லுவாங்களே, நெசந்தானா கண்ணு?” என்று சிரித்தபடி கேட்டார். நான் டீயைக் குடித்தேன். சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை, லாரி, எல்லாவற்றையும்.

உண்மை பேச வேண்டும் என்பதற்காகச் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சாதித்துக்கொண்டிருந்தேன். உண்மை வேறு. அவள் போய்விட்டால் பக்கத்துப் பாய் காலியாகிவிடும். இன்னும் இரண்டேகால் வருடம் அந்தக் காலிப் பாயைப் பார்த்துக்கொண்டு நான் கிடக்க வேண்டும். நான் மாட்டிக்கொண்ட இடத்தில் அவளும் மாட்டிக்கொண்டிருக்கட்டும் என்று நினைத்தேன். இவ்வளவு தெளிவாக அப்போது நினைக்கவில்லை. ஆனால் நினைத்தது இதைத்தான்.

மேடம் பூங்கொடியை அடிக்கவில்லை. அவளுடைய பையையும் செருப்பையும் வாங்கி ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டினார். அறையை மாற்றினார். ஷிப்டையும் மாற்றினார். அதன் பிறகு அவள் வெறுங்காலோடு நடப்பதை, ஷிப்டு மாறும் நேரத்தில் அந்தத் தகர நடைபாதையில் எதிரும் புதிருமாகப் போகும்போது மட்டும் பார்ப்பேன். காலெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். அவள் என்னைப் பார்ப்பாள். நான் விரலில் ஒட்டிய பஞ்சைப் பார்ப்பதுபோலக் கையைப் பார்த்துக்கொள்வேன். பக்கத்துப் பாய் எப்படியும் காலியாகத்தான் போயிற்று.

ஒரு வாரம் கழித்து மேடம் என் உள்ளங்கையில் ஒரு சாவியை வைத்தார். “மொட்ட மாடித் தொட்டில தண்ணி நெறஞ்சுதான்னு தெனம் காலைல பாத்துச் சொல்லு கண்ணு. உன்னய மட்டுந்தான் நம்ப முடியுது.”

மூன்று மாடி ஏறினேன். இரும்புக் கதவு, பூட்டு துருப்பிடித்து மக்கர் செய்தது. தோளால் முட்டித் தள்ளியதும் கதவோடு நானும் வெளியே போய் விழுந்தேன்.

ஐப்பசி மாதம். முந்தின நாளெல்லாம் மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. எதிரே குருடி மலை. வேனில் போய்வந்தும், அவ்வளவு பக்கத்தில் ஒரு மலை இருப்பதே எனக்குத் தெரியாது. எட்டு மாதமாக அதன் காலடியில் நடந்துகொண்டிருந்திருக்கிறேன். கிழக்கே என் முதுகுக்குப் பின்னால் சூரியன் எழும்ப, வெளிச்சம் முதலில் மலையின் உச்சியைத் தொட்டது. பிறகு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது, யாரோ போர்வையை உருவுவது மாதிரி. பாறை இடுக்குகளில் வெள்ளைக் கோடாக மழைத்தண்ணீர் வழிந்தது. மேகம் ஒன்று பாதி மலையில் சிக்கிக்கொண்டு விடுபடப் பார்த்தது. பஞ்சு குடோன் கூரைமேல் ஒரு மயில் நின்று ஊரையே கூப்பிட்டது. சோளக்காட்டு வாசனை, ஈர மண் வாசனை, எங்கோ யாரோ பற்றவைத்த அடுப்புப் புகை. எனக்கு மூச்சுவிடத் தெரியவில்லை. இழுத்தது வெளியே வரவில்லை.

முழங்கால் போட்டேன். ஈரத் தரையில். அதற்கு முன் கோயிலுக்கு வெளியே நான் முழங்கால் போட்டது பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாததற்கு மட்டும்தான்.

ஞானோபதேச வகுப்பில் ஒரு கதை சொல்லியிருந்தார்கள். ராஜாவின் சிலையைக் கும்பிட மாட்டோம் என்ற மூன்று இளைஞர்களைச் சூளைக்குள் தள்ளிவிடுகிறார்கள். சின்ன வயதில் அதை நான் அப்பா வேலை செய்த செங்கல் சூளை என்றே நினைத்திருந்தேன். நெருப்புக்குள் நின்றுகொண்டு அவர்கள் வெயிலையும் மழையையும் பனியையும் மலைகளையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு ஆண்டவரைப் போற்றச் சொல்கிறார்கள். சூளைக்குள் இருப்பவன் வெளியே விடச் சொல்லிக் கத்துவானா, மலையிடம் பேசிக்கொண்டிருப்பானா என்று வகுப்பில் கேட்டு நான் குட்டு வாங்கியிருக்கிறேன். அன்று மொட்டை மாடியில் புரிந்தது. உள்ளே இருப்பவனுக்குத்தான் மலை தெரியும். வாய்க்கால் கரையில் பதினெட்டு வருடம் இருந்தவளுக்கு எங்கே தெரிந்தது?

ஆண்டவர் அங்கே இருந்தார். இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. குரல் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஆள் இருக்கும் அறைக்குள் நுழைந்தால், அவரைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரியுமல்லவா, அப்படி.

அதே நொடியில் இன்னொன்றும் தெரிந்துவிட்டது. நான் அவரைக் கண்டுபிடித்தேன் என்று சந்தோஷப்பட முடியவில்லை. அவர்தான் என்னைக் கண்டுபிடித்திருந்தார். கையில் சாவியோடு. அந்தச் சாவி எதற்குக் கிடைத்த கூலி என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் காலத்தில் ஒருவன் அவரைக் காட்டிக்கொடுத்து முப்பது வெள்ளிக்காசு வாங்கினான். எனக்கு ஒரு மலையே கொடுத்திருந்தார்கள்.

மறுநாள் போகக்கூடாது என்று முடிவெடுத்தேன். மறுநாள் போனேன். அதற்கடுத்த நாளும். மார்கழியில் மலை முழுக்கப் பனியில் காணாமல் போய்விடும். நான் அது இருக்கும் திசையைப் பார்த்து நிற்பேன். தையில் சோளம் அறுத்தார்கள். மாசியில் வேலியோரக் கல்யாணமுருங்கை இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூத்தது. பங்குனியில் மலையில் அங்கங்கே காட்டுத்தீப் புகை. ஒவ்வொரு நாளும் கால்மணி நேரம். கீழே இறங்கும்போது தகர நடைபாதையில் பூங்கொடியின் இருமல் கேட்கும். மேலே கும்பிட்டது அத்தனையும் அந்த ஒரு இருமலில் கரைந்துபோகும். ஒருமுறை மேடத்திடம், “மேடம், துணி காயப்போடப் பூங்கொடியையும் ஒருக்கா மேல கூட்டிட்டுப் போவட்டுங்களா? காத்து பட்டா இருமல் கொறையுமுங்க” என்று கேட்டேன். “உன்ர வேலையப் பாரு கண்ணு” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவர் எதையும் அன்பாகத்தான் சொல்வார்.

பங்குனி முடியப்போகும் ஒரு காலை. இரண்டு நாளாகப் பூங்கொடி வேலைக்கு வரவில்லை. அவள் அறைப் பெண் ஒருத்தி, “உதடெல்லாம் நீலமாயிருச்சு, பேசவே மாட்டேங்கறா” என்றாள். நான் தொட்டி மூடியைத் திறந்து தண்ணீர் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது ரோட்டில் பாட்டுச் சத்தம். எட்டிப் பார்த்தேன். முன்னால் ஒரு பெரிய மரச் சிலுவை, நாலைந்து ஆண்கள் தோளில். பின்னால் நூறு நூற்றைம்பது பேர், குடை பிடித்த பெண்கள், வெறுங்காலோடு குழந்தைகள். ஏசு சிலுவை சுமந்து நடந்ததை நினைத்து நடக்கும் சிலுவைப்பாதை. மலையடிவாரத்துக் குன்றுக்குப் போகிறார்கள். அன்று பெரிய வெள்ளி. அது பெரிய வெள்ளி என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தவக்காலம் முழுக்க வந்து போயிருக்கிறது, நான் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அழுகை வந்தது. கூட நடக்க வேண்டும் போலிருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாட்டை நானும் பாடினேன், வாய்க்குள்ளேயே. சிலுவை மில் மதிலைத் தாண்டிப் போனது. குழந்தைகள் போனார்கள். கூட்டத்தின் வால் வந்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது. நான் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறேன். கீழே ஒருத்திக்கு மூச்சு நின்றுகொண்டிருக்கிறது.

“ஏனுங்க! ஏனுங்க!” என்று கத்தினேன். மில் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. தொட்டியின் தகர மூடியைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். திரும்பத் திரும்ப அடித்தேன். பெரிய வெள்ளி அன்று கோயிலில் மணிகூட அடிக்கமாட்டார்கள். நான் அடித்த சத்தம் மலை வரைக்கும் போய்த் திரும்பியது. கடைசியாகப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா, கறுப்புக் குடையைச் சாய்த்து மேலே பார்த்தார்.

“என்னாச்சுங் அம்மணி?”

“இங்க ஒரு புள்ள மூச்சு உட முடியாமக் கெடக்குதுங்க! அவிங்கப்பனுக்குச் சொல்லிப்போடுங்க! கேட்டத் தொறக்க மாட்டீங்கறாங்க!”

“எந்த ஊருங்க?”

ஊர் பெயரைக் கத்தினேன். அப்பா பெயர் பழனிச்சாமி என்றேன். அன்னூரிலிருந்து எந்தப் பஸ் என்று பூங்கொடி முன்பு சொன்னதையெல்லாம் கத்தினேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். “சரீங் கண்ணு. நாஞ் சொல்லிப்போடறேன். நீ அழுவாத” என்றார். போகிற கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு கூட்டத்தோடு போகாமல், வந்த வழியே பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். கையில் தொட்டி மூடியோடு பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னால் படியில் மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டது.

“எறங்கு கீழ” என்றார். அன்று மட்டும் கண்ணு சேர்க்கவில்லை.

பூங்கொடியின் அப்பா உயிர்ப்பு ஞாயிறன்று வந்தார் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். அவர் வந்தது செவ்வாய்க்கிழமை. கரும்பு வெட்டுக்கு வெளியூர் போனவர் திங்கள் ராத்திரிதான் திரும்பியிருக்கிறார். அந்த நான்கு நாளும் நான் கும்பிட்ட கும்பிடு கொஞ்சமல்ல. பூங்கொடி தாக்குப்பிடித்தாள், ஞாயிறு அன்று மேடமே பயந்துபோய் ஒரு டாக்டரை அழைத்துவந்து ஊசி போடவைத்தார். ஆனால் வெளியே விடவில்லை.

பழனிச்சாமி கவுண்டர் ஒல்லியான மனுஷர். தோளில் துண்டு. கேட்டுக்கு வெளியே நின்று வாட்ச்மேனிடம், “ஏனுங்க, என்ர புள்ளைய ஒருக்காப் பாக்கோணுமுங்க” என்றார். மில் முதலாளி இல்லை, நாளைக்கு வாங்க என்றார்கள். “சரிங்க” என்றார். நகரவில்லை. துண்டை விரித்துக் கேட்டுக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார். யார் வந்து என்ன சொன்னாலும் “சரிங்க, ஆகட்டுங்க” என்று மரியாதையாகச் சொன்னார். ஆனால் எழுந்திருக்கவில்லை. பத்து மணிக்குப் பஞ்சு லாரி வந்தது. அவரைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். டிரைவர் ஹார்ன் அடித்தார். பிறகு விஷயத்தைக் கேட்டு, என்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் பீடி பற்றவைத்தார். பஞ்சு வராமல் மெஷின் எத்தனை நேரம் ஓடும்? மதியம் கேட் திறந்தது.

நான் படிக்கட்டில் நின்றிருந்தேன். பூங்கொடியை இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்கள். வெறுங்கால். செருப்பு ஆபீஸ் பீரோவில். சாவி யாரிடம் என்று அந்த நேரத்தில் யாருக்கும் தெரியவில்லை. நான் ஓடிப்போய் என் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் வைத்தேன்.

“லாரி விஷயத்த நாந்தான் மேடத்துகிட்டச் சொன்னேன்” என்றேன்.

“தெரியும்” என்றாள். மூச்சு வாங்கியது. செருப்பைப் பார்த்தாள். “நீயே போட்டுக்க. நீ இன்னும் இங்கதான இருக்கோணும்.”

அது மன்னிப்பா, தண்டனையா, வெறும் இரக்கமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தகிக்கிற தார் ரோட்டில் அவளை அவள் அப்பா தூக்கிக்கொண்டார். போவதற்கு முன் வாட்ச்மேனிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது. “ஒரு அம்மா வந்து சொல்லுச்சுங்க. ரண்டு பஸ் மாறி, ஊடு ஊடாக் கேட்டு வந்திருக்குது. நானில்லீன்னு எங்கூட்டுல உக்கார வெச்சுத் தண்ணி குடுத்தா, அன்னிக்கு வெரதம்னு குடிக்கலீங்களாம்.”

அந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. அவர் சிலுவைப்பாதையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனதாக அன்று நினைத்தேன். பிறகு யோசிக்கையில், அவர் ஒருவர்தான் அதை முழுதாக நடந்தார் என்று படுகிறது.

மொட்டை மாடிக் கதவுக்கு மறுநாளே வெல்டிங் வைத்தார்கள். எனக்கு இன்னும் ஒன்றே முக்கால் வருடம் பாக்கி. வானத்தை மறுபடி டியூப் லைட்டாக மாற்றிக்கொண்டேன். மெஷின் ஓரமாக நடக்கும்போது செபமாலை சொல்ல முடியாது. கையும் காலியில்லை, கழுத்தில் மாலை போடவும் விடமாட்டார்கள். அதனால் புனிதர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வேண்டும் பிரார்த்தனை மாதிரி நானே ஒன்று கட்டிக்கொண்டேன். குருடி மலையே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். குடோன் மயிலே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். மேகாத்தே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். மேகாத்து பூங்கொடியின் சார்பில் சேர்த்தது. சில நாள் அந்தச் சத்தத்துக்குள்ளும் அந்த அறையில் ஒரு ஆள் இருப்பது தெரிந்தது. பல நாள் தெரியவில்லை. தெரியாத நாளிலும் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

மூன்று வருடம் முடிந்து வெளியே வந்த முதல் வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். விட்டுப்போன ஞாயிறுகள், பூங்கொடி, மலையையும் மயிலையும் புனிதர்களோடு சேர்த்தது, எல்லாம் ஒரே மூச்சில். சாமியார் மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். எதற்கு எத்தனை என்று பிரித்துச் சொல்லவில்லை. நான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதன் பிறகு அஞ்சல்வழியில் படித்து, இப்போது ஒரு பள்ளிக்கூட நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். நூலகத்தின் ஜன்னல்களை மழையிலும் சாத்தவிடுவதில்லை என்று பிள்ளைகளிடம் எனக்கொரு கெட்டபெயர் உண்டு. பூங்கொடியைத் தேடி ஒருமுறை அன்னூர்ப் பக்கம் போனேன். தோட்டத்தை விற்றுவிட்டுத் திருப்பூர் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். “புள்ள நல்லாருக்குதுங்களா?” என்று கேட்டேன். “கண்ணாலம் ஆச்சுன்னு கேள்விங்க” என்றார் ஒருவர். மூத்த பெண்ணுக்கா இளைய பெண்ணுக்கா என்று அவருக்கு நிச்சயமில்லை. பூங்கொடிக்கு ஒரு தங்கை இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்.

மெத்தைக் கடைக்குப் போன மூன்றாம் நாள், மேட்டுப்பாளையம் பஸ் ஏறி, மில் இருந்த இடத்தில் இறங்கிப் பார்த்தேன். மில் இல்லை. மதில் இல்லை. ஹாஸ்டலையும் இடித்துவிட்டிருந்தார்கள். சமப்படுத்திய செம்மண் தரையில் மனைக்கல் நட்டு, வண்ணக் கொடிகள் கட்டியிருந்தது. ரோட்டோரப் பேக்கரியில் டீ வாங்கிக்கொண்டு, “இங்க ஒரு மில்லு இருந்துச்சுங்களே?” என்றேன்.

“மில்லுங்களா? தெரியலீங்க்கா. நாங்க வந்து ரண்டு வருசந்தான் ஆச்சுங்க.”

மலை எதிரே அப்படியேதான் நின்றது. டீ குடித்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேருக்கும் நன்றாகத் தெரியும்படி நின்றது. நான் டம்ளரை வைத்துவிட்டு மனைகளுக்குள் நடந்தேன். கேட் இருந்த இடத்தைக் குத்துமதிப்பாகப் பிடித்து, தகர நடைபாதையை எட்டு வைத்து அளந்து, படிக்கட்டு இங்கேதான் என்று ஒரு இடத்தில் நின்றேன். பிறகு தலையைத் தூக்கி, மூன்று மாடி உயரத்தை மனதில் அளந்து பார்த்தேன். ஈரத் தரை, தொட்டி, நான் முழங்கால் போட்ட இடம் எல்லாம் அங்கேதான் இருந்தன. இப்போது அங்கே ஒன்றும் இல்லை. தகைவிலான் குருவிகள் இரண்டு, எதிலும் முட்டாமல், அந்த இடத்தின் ஊடாகவே போய்வந்துகொண்டிருந்தன.